வெள்ளத் தடுப்பு நிதி தோட்டத்து வடிகால்வரை வருமா?

2023 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 33 வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்கு 1,180 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படுவதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். வகுத்துப் பார்த்தால் ஒரு திட்டத்திற்குச் சராசரியாக 36 கோடி ரிங்கிட் வருகிறது. நெகிரி செம்பிலான் போன்ற ஒரு சிறிய மாநிலம் ஓர் ஆண்டில் செலவிடும் மொத்தப் பணத்தில் இது பெரும் பங்கு.

இவ்வளவு பெரிய தொகையைக் கேட்கும்போது நமக்கு ஒரு நம்பிக்கை பிறக்கிறது. ஆனால் ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் இன்னும் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் கேட்பது வேறு கேள்வி: "அந்தப் பணம் எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் வடிகால்வரை வருமா?"

இப்போதுள்ள நடைமுறையில் அது எளிதில் வராது. நிதிப் பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அந்த வடிகால் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பது. வெள்ளம் வந்த பிறகு கிடைக்கும் உதவி மனிதனைத் தேடி வருகிறது. வெள்ளம் வராமல் தடுக்கும் நிதியோ நிலத்தைத் தேடிப் போகிறது. தோட்டத்து மக்களிடம் நிலம் இல்லை. பிரச்சினையின் வேர் இதுதான்.

மூன்று அரசுகள், ஒரே தண்ணீர்

எஸ்டிபிஎம் தேர்வுக்குப் பெங்காஜியான் அம் படிக்கும் மாணவர்களுக்குக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை பழக்கமானது. அதில் மூன்று பட்டியல்கள் உள்ளன. நிலம், ஊராட்சி, ஆறுகள் ஆகியவை மாநிலப் பட்டியலில் வருகின்றன. வடிகாலும் நீர்ப்பாசனமும் கூட்டரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலில் வருகின்றன. வருமான வரி போன்ற பெரிய வருவாய்கள் கூட்டரசின் கையில் இருக்கின்றன. மாநிலத்திற்கு நில வரி, காட்டு வளம், கனிமம் போன்றவற்றின் வருவாயும் கூட்டரசு தரும் மானியங்களும் மட்டுமே.

இதன் விளைவு என்ன? ஆறு மாநிலத்துக்குச் சொந்தம். அதைச் சீர்படுத்தும் பணம் புத்ராஜெயாவில் இருக்கிறது. அதே ஆற்றில் கலக்கும் சாலையோர வடிகாலைத் துப்புரவு செய்யும் பொறுப்போ ஊராட்சி மன்றத்துக்கு. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது.

நெகிரி செம்பிலானில் இதை வரைபடத்திலேயே பார்க்கலாம். சிரம்பான் மலைப்பக்கம் பெய்யும் மழை லிங்கி ஆற்றில் இறங்கி, மலாக்கா எல்லையில் கோலா லிங்கியில் கடலைச் சேர்கிறது. கோலப்பிலா பக்கம் பெய்யும் மழை மூவார் ஆற்றின் வழியாக ஜொகூருக்குப் போகிறது. ஜெலுபுவில் பெய்வது திரியாங் ஆற்றில் விழுந்து பகாங்கிற்குப் போகிறது. ஜெம்போலில் ஜெம்போல் ஆற்றுக்கும் செர்த்திங் ஆற்றுக்கும் இடையே இருக்கும் நிலம் மிகவும் தாழ்வானது. பழங்காலத்தில் வணிகர்கள் அங்கே படகுகளைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு மாற்றினார்கள். 'பெனாரிக்கான்' என்ற பெயரே இழுத்தலைக் குறிப்பதுதான். படகை இழுத்துச் செல்லும் அளவுக்குத் தாழ்ந்த நிலத்தில் ஆறு கரை மீறினால் தண்ணீர் எப்படிப் பரவும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பணம் வரும் வழி

1971 ஜனவரி வெள்ளத்தில் கோலாலம்பூரே மூழ்கியது. அதன் பிறகுதான் அதே ஆண்டில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1932 முதல் பெரும்பாலும் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் வேலையைப் பார்த்துவந்த வடிகால் நீர்ப்பாசனத் துறை, 1972 முதல் வெள்ளத் தடுப்பையும் ஏற்றுக்கொண்டது. ஜேபிஎஸ் என்று நாம் சொல்வது இந்தத் துறையைத்தான்.

ஒரு பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டம் பொதுவாக இப்படி நகர்கிறது. ஓர் ஆற்றுப் படுகையில் எந்த இடங்கள் அடிக்கடி மூழ்குகின்றன என்று ஜேபிஎஸ் ஆய்வு செய்கிறது. திட்டத்தின் செலவும், அதனால் தவிர்க்கப்படும் சேதமும் ஒப்பிடப்படுகின்றன. பிறகு அது ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தில் இடம் கேட்டுப் போட்டியிடுகிறது. இடம் கிடைத்தால் கூட்டரசு மேம்பாட்டு நிதி ஒதுக்குகிறது, நிலம் எடுக்கும் வேலை மாநிலத்தின் வழியாக நடக்கிறது, குத்தகை விடப்படுகிறது. ஆற்றை அகலப்படுத்தி, கரை கட்டி, நீர்த்தேக்கக் குளம் வெட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இதில் எங்கே தடங்கல் வந்தாலும் காலம் நீளும். 2022 டிசம்பரில் புதிய அரசாங்கம் பதவியேற்றதும், நேரடிப் பேச்சுவார்த்தை மூலம் வழங்கப்பட்ட 700 கோடி ரிங்கிட் மதிப்புள்ள வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் மறுஆய்வு செய்யப்படும் என்று பிரதமர் அறிவித்தார். பொதுப் பணத்தைக் காக்க அது தேவையான முடிவு. ஆனால் குத்தகை முதலிலேயே முறையாக விடப்பட்டிருந்தால் அந்தக் காலம் மிச்சமாகியிருக்கும். ஆற்றோரத்தில் இருப்பவனுக்கு ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு கணக்குதான்.

காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் காட்டியது. அந்த ஆண்டு இறுதியில் தொடங்கிய வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. பொதுச் சொத்துகளுக்கும் அடிப்படை வசதிகளுக்கும் 200 கோடி, வீடுகளுக்கு 160 கோடி, வாகனங்களுக்கு 100 கோடி ரிங்கிட் சேதம். சிலாங்கூர் மட்டும் பாதிக்கு மேல் இழந்தது. நெகிரி செம்பிலானும் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் ஒன்று.

தோட்டம் ஏன் நழுவிப் போகிறது?

பெரிய திட்டங்கள் ஆற்றுக்கானவை. தோட்டத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுவது பெரும்பாலும் சின்ன வடிகாலால்தான். தூர்ந்த கால்வாய், செம்பனை மட்டை அடைத்த மதகு, சாலைக்கு அடியில் இருக்கும் சிறிய குழாய் என்று காரணங்கள் சாதாரணமானவை. இவற்றைச் சரிசெய்யக் கோடிகள் தேவையில்லை. சில ஆயிரங்களோ சில லட்சங்களோ போதும். அந்தச் சின்னப் பணத்துக்கும் ஒரு வாசல் வேண்டும். தோட்டத்துக்கு அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக மூடியிருக்கின்றன.

முதல் வாசல் சாலை. மாநிலச் சாலைகளைப் பராமரிக்கக் கூட்டரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. மாரிஸ் எனப்படும் பதிவேட்டில் இருக்கும் சாலைகளுக்கே அந்தப் பணம். தோட்டச் சாலை தனியார் சாலை; பதிவேட்டில் இல்லை. சாலை பதிவில் இல்லாவிட்டால் அதன் ஓரத்து வடிகாலும் கணக்கில் வராது.

இரண்டாவது வாசல் ஊராட்சி மன்றம். மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ தன் பராமரிப்பில் இருக்கும் வடிகால்களைத்தான் துப்புரவு செய்யும். தனியார் நிலத்துக்குள் இருக்கும் வடிகாலுக்கு உரிமையாளர்தான் பொறுப்பு என்பது அவர்களின் நிலை. சட்டப்படி அது தவறும் அல்ல.

மூன்றாவது வாசல் கிராம நிர்வாகம். ஒரு கம்போங்கில் தண்ணீர் ஏறினால் கிராமத் தலைவரும் கிராமக் குழுவும் மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். தோட்டம் பல காலமாகக் கிராமம் என்ற கணக்கில் வரவில்லை. புறநகர் மேம்பாட்டு ஒதுக்கீடுகள் தோட்டங்களைத் தாண்டிச் சென்றதற்கு, 'அது தனியார் சொத்து' என்பதே பல்லாண்டுக் காலக் காரணமாகச் சொல்லப்பட்டது.

நான்காவது வாசல் முதலாளி. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் குடியிருப்புகளின் குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளிக்குப் பொறுப்புகளை விதிக்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டது. ஆனால் இன்று தோட்ட லயங்களில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவை அல்ல. தாத்தா ஓய்வுபெற்றுவிட்டார், பிள்ளைகள் சிரம்பானிலோ நீலாயிலோ தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். அவர்கள் தொழிலாளர்கள் என்ற வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள்.

என் பெரியப்பா இருக்கும் தோட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். பாலத்தின் அருகே வடிகால் தூர்ந்து, மழை பெய்தால் தண்ணீர் முன்வாசலுக்கு வந்துவிடுகிறது. நிர்வாகத்திடம் சொன்னால், 'தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது, மன்றத்தைப் பாருங்கள்' என்றார்கள். மன்றத்தில், 'அது தோட்டத்து நிலம்' என்றார்கள். ஆற்றுத் துறை அலுவலகத்தில், 'நாங்கள் ஆற்றைத்தான் பார்ப்போம், வடிகாலை அல்ல' என்றார்கள். "மூணு பேரும் சொல்றது சரிதான் தம்பி. தண்ணிதான் தப்பான இடத்துக்கு வருது" என்றார் பெரியப்பா.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதே நிலை உண்டு. நெகிரி செம்பிலானில் இருக்கும் சுமார் 60 தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களைப் பாருங்கள்: லின்சம் தோட்டம், கெர்பி தோட்டம், சுவா பெத்தோங் தோட்டம், கெடிஸ் தோட்டம், ஜெரம் பாடாங் தோட்டம். பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலம் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததால்தான் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற வகையே நம்மிடம் இவ்வளவு பரவலாக இருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளியின் வேலிக்குள் வடிகால் உடைந்தாலும், யார் செலவு செய்வது என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது.

மேலே நகரம், கீழே லயம்

"தோட்டத்தில் அப்போது இவ்வளவு வெள்ளம் வந்ததில்லை" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். பருவநிலை மாற்றம் இதில் ஒரு பங்கு. அதோடு மேட்டு நிலத்தில் என்ன மாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். 100 ஹெக்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஒரு லட்சம் கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 2,500 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்தால், இது 40 குளங்களுக்குச் சமம். அந்த 100 ஹெக்டரில் மரமும் புல்லும் இருந்தால் கணிசமான பங்கு மண்ணில் ஊறும். மீதி மெதுவாக ஓடும். அதே இடத்தில் கூரையும் தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் வந்தால் பெரும்பங்கு உடனே ஓடிவிடும். கீழே இருக்கும் பழைய வடிகாலோ ரப்பர் மரக் காலத்து அளவுக்கு வெட்டியது.

நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதி இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. நீலாய், செண்டாயான், லாபு பக்கங்களில் ரப்பரும் செம்பனையும் இருந்த இடங்களில் குடியிருப்புகள் எழுந்துள்ளன. சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவும் மலேசிய விஷன் வேலி 2.0 திட்டத்தின் பரப்பு ஒன்றரை லட்சம் ஹெக்டருக்கு மேல். வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை வேண்டும், வீடு வேண்டும். ஆனால் மேலே ஒரு நகரம் எழும்போது கீழே இருப்பவர்களுக்கு வரும் தண்ணீரின் கணக்கையும் யாராவது எழுத வேண்டும்.

அதற்கு விதி இருக்கிறது. 2001 முதல் நடைமுறையில் உள்ள எம்எஸ்எம்ஏ என்ற மழைநீர் மேலாண்மைக் கையேடு, புதிய மேம்பாட்டால் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததைவிடக் கூடக்கூடாது என்ற கொள்கையைக் கொண்டது. புதிய தாமான்களில் நாம் பார்க்கும் நீர்த்தேக்கக் குளங்கள் இதற்காகத்தான். 2001க்கு முன் கட்டியவற்றில் இவை பெரும்பாலும் இல்லை. இருக்கும் குளத்தையும் தூர் வாராமல் விட்டால் சில ஆண்டுகளில் அது சேறு நிறைந்த பள்ளமாகிவிடும்.

கணக்கு யார் பக்கம்?

செலவையும் தவிர்க்கப்படும் சேதத்தையும் எடை போட்டுத் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகவே தோன்றும். பொதுப் பணம் வீணாகக் கூடாது அல்லவா? ஆனால் அதில் ஒரு சாய்வு இருக்கிறது. 5 லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள 40 வீடுகள் மூழ்கினால் சேதக் கணக்கு பெரிதாக வரும். 40 லய வீடுகள் மூழ்கினால் பழைய மெத்தை, குளிர்பதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், பள்ளிப் புத்தகம் என்று சேதம் சிறிதாகத்தான் வரும். ஆனால் அந்தக் குடும்பத்திடம் இருந்ததே அவ்வளவுதான். ரிங்கிட்டில் சிறிய இழப்பு வாழ்க்கையில் பெரிய இழப்பாக இருக்க முடியும்.

இந்தச் சாய்வைத் திருத்த முடியுமா? இங்கிலாந்து ஒரு வழியை முயன்றது. 2011இல் அங்கே கொண்டுவரப்பட்ட வெள்ளத் தடுப்பு நிதி விதியில், வீடுகளைக் காப்பதால் கிடைக்கும் ஒவ்வொரு பவுண்டு பயனுக்கும் சாதாரணப் பகுதிகளுக்கு 20 பென்ஸ் அரசு நிதி என்று வைத்தார்கள். நாட்டின் மிகவும் பின்தங்கிய 20 விழுக்காட்டுப் பகுதிகளுக்கு அதை 45 பென்ஸாக்கினார்கள். அதாவது ஏழைப் பகுதியில் ஒரு வீட்டைக் காப்பதற்குச் சூத்திரமே இரு மடங்குக்கும் மேல் எடை கொடுத்தது. அந்த முறையிலும் குறைகள் சொல்லப்பட்டன. ஆனாலும் ஏழ்மையைச் சூத்திரத்துக்குள்ளேயே எழுதிவிட முடியும் என்று அது காட்டியது.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வெள்ளம் வந்த பிறகு நட்மா வழியாகக் குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் உதவித்தொகை தரப்படுகிறது. அங்கே கணக்கு குடும்பத்தை வைத்து. அதனால்தான் தோட்டத்தில் இருப்பவருக்கும் தாமானில் இருப்பவருக்கும் ஒரே தொகை கிடைக்கிறது. நிவாரணத்தில் குடும்பத்தை எண்ண முடிகிறது என்றால் தடுப்பிலும் எண்ண முடியும்.

நிறுவனம்தானே செலவு செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. தோட்டம் இலாபம் பார்க்கும் நிறுவனத்துக்குச் சொந்தம். அதன் வடிகாலை மக்களின் வரிப்பணத்தில் ஏன் வெட்ட வேண்டும்?

நிறுவனம் தன் நிலத்துக்குள் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செம்பனைக்கு வெட்டும் வயல் கால்வாயை ஒழுங்காகப் பராமரிக்கும் நிறுவனத்தால் லயத்து வடிகாலையும் பராமரிக்க முடியும். ஆனால் தண்ணீர் அந்த நிலத்தில் மட்டும் பிறப்பதில்லை. மேலே இருக்கும் தாமானிலிருந்தும் நெடுஞ்சாலையிலிருந்தும் வரும் தண்ணீருக்கு நிறுவனம் மட்டும் பொறுப்பாக முடியாது. தோட்டம் மாநிலத்துக்கு நில வரி கட்டுகிறது. தோட்ட நிலம் வீட்டு நிலமாக மாற்றப்படும்போது மாநிலத்துக்குப் பிரிமியம் கிடைக்கிறது. மேம்பாட்டாளர்களிடம் வடிகாலுக்கான பங்குத்தொகை வசூலிக்கும் நடைமுறையும் உண்டு. இந்த வருவாயில் ஒரு பங்கு, அதே ஆற்றுப் படுகையில் கீழே இருப்பவர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

மாநிலம் என்ன செய்யலாம்?

இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. முதலில் ஒரு பட்டியல் வேண்டும். தோட்டக் குடியிருப்புகள், தோட்டத் தமிழ்ப்பள்ளிகள், கோயில்கள், அவற்றுக்கு அருகே செல்லும் வடிகால்கள், கடந்த பத்தாண்டில் தண்ணீர் ஏறிய இடங்கள் ஆகியவற்றை மாவட்ட வாரியாகத் தொகுக்க வேண்டும். நெகிரி செம்பிலானில் ஏழு மாவட்டங்கள்தான். இது முடியாத வேலை அல்ல.

அடுத்து, மாநில வரவு செலவுத் திட்டத்தில் சிறு வடிகால் பணிகளுக்கென்று ஓர் ஒதுக்கீடு வேண்டும். நிலம் யாருடையது என்று கேட்காமல், எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன என்று கேட்டு அதைச் செலவிட வேண்டும். நிறுவனம் ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு என்று ஒப்பந்தம் போடலாம். வடிகால் ஓடும் குறுகிய நிலப்பகுதியை மட்டும் அரசுக்கு ஒப்படைக்க நிறுவனம் சம்மதித்தால், அதன் பிறகு பராமரிப்பு யாருடையது என்ற சண்டையும் முடியும்.

மூன்றாவதாக, கட்டும் பணத்தோடு பராமரிக்கும் பணத்தையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். திறப்பு விழா கண்ட மதகு ஐந்தாவது ஆண்டில் துருப்பிடித்துக் கிடந்தால் அந்த முதலீடு தண்ணீரில் போனதுதான்.

நம் பங்கு என்ன?

வெள்ளம் வந்தால் மாணவர்கள் உணவுப் பொட்டலம் கட்டப் போகிறோம். சேறு அள்ளப் போகிறோம். 2021இல் பல இளைஞர்கள் அதைச் சிறப்பாகச் செய்தார்கள். அந்த உழைப்பில் கொஞ்சத்தை வெள்ளத்துக்கு முன்பே கொடுக்கலாம்.

ஜேபிஎஸ் நடத்தும் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் அகப்பக்கத்தில் ஒவ்வோர் ஆற்றின் நீர்மட்டமும் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு நிலைகளில் காட்டப்படுகிறது. உங்கள் தோட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் அளவு நிலையம் எது என்று கண்டுபிடித்து, வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். மழை பெய்யும் நாளில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்பதைத் தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பார்த்து ஒரு தாளில் வரையுங்கள். எத்தனை வீடுகள், எத்தனை முதியவர்கள், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று எண்ணுங்கள். அதோடு ஒரு பக்கத்துக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதி, மாவட்ட அலுவலகம், ஜேபிஎஸ், ஊராட்சி மன்றம், சட்டமன்ற உறுப்பினர், தோட்ட நிர்வாகம் என ஐந்து இடங்களுக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டும்போது, அந்த இன்னொருவரிடமும் அதே கடிதம் இருக்கும்.

இரு மொழிகளில் படித்த நமக்கு இது பெரிய வேலை இல்லை. தாத்தாவுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரியும். அதை அலுவலக மொழியில் எழுதத் தெரியாது. நமக்கு எழுதத் தெரியும். தண்ணீரைப் பற்றித் தெரியாது. இருவரும் ஒரு மாலை உட்கார்ந்தால் ஒரு நல்ல கோரிக்கை மனு தயாராகிவிடும்.

2026 முதல் 2030 வரையிலான 13ஆவது மலேசியத் திட்டக் காலம் இது. இந்த ஐந்தாண்டுகளில் எந்த ஆறு, எந்த வடிகால் என்பதையெல்லாம் யாரோ ஒருவர் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அந்தப் பட்டியலில் இல்லாத இடத்துக்கு எந்த அரசாங்கமும் பணம் அனுப்புவதில்லை.